காய்ச்சல் பேக்கேஜ்: திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பரிசோதனைக் கூடம் ஒன்றைப் பற்றி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இயங்கும் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கடந்த வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, எங்கள் வீட்டார் நான்கு பேர் ஒரே மாதத்திற்குள் ‘காய்ச்சல் பேக்கேஜ்’ என்ற சேவையை வாங்கினோம். கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும், மாடியில் கொழுந்தனாரும் ஓரகத்தியும் குடியிருக்கிறோம். லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் நீல டிரம்கள் இரு தளத்தாருக்கும் பொது. அவற்றில் வளர்ந்த கொசுக்களும் பொது. ஆகவே இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரே வீடு, ஒரே லேப், ஒரே விலை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வாய்ப்பு எங்களுக்குக் கேட்காமலே கிடைத்தது. மேல்நிலை வகுப்புகளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்பதால், அறிக்கைகளை மருந்துச் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்துவிடாமல் நான்கையும் மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். இரத்தம் எடுப்பதில் மிகத் தேர்ந்த இந்தக் கூடம், அந்த இரத்தம் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை அறிக்கை அச்சிடும் நேரத்தில் மறந்துவிடுகிறது என்பதும், வைரஸ் காய்ச்சலில் அந்த மறதி சிறிய பிழை அன்று என்பதும் அப்போதுதான் தெரிந்தன.

கூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் உள்ள உறவினர்கள் வேறு கூடங்களில் எடுத்த அறிக்கைகளை வாங்கிப் பார்த்தபோது அவற்றுள் சிலவற்றிலும் இதே குறை இருந்தது. ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தால் ஏழு மணிக்குள் இளைஞர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து நிற்கிறார். என் கையில் நரம்பு கிடைப்பது அரிது. வேறு இடங்களில் மூன்று முறை குத்திய அனுபவம் உண்டு. இந்தப் பிள்ளை, “ஒரு நிமிஷம் கைய மூடிக்கோங்கம்மா, முடிஞ்சிடும்” என்று சொல்லி முடிப்பதற்குள் முடித்துவிட்டார். புதிய ஊசி உறையை நம் கண் முன்னால் பிரிக்கிறார், குப்பிகளில் பெயரை அங்கேயே எழுதுகிறார், பஞ்சையும் ஊசியையும் நம் வீட்டுக் குப்பைக் கூடையில் போடாமல் தன்னோடு எடுத்துச் செல்கிறார். மாலை ஏழு மணிக்குள் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நான்கு தடவையும் இதில் ஒரு மணி நேரம்கூடப் பிசகவில்லை. ஆளுக்கு 1,800 ரூபாய் என்பது குறைந்த தொகை அன்று என்றாலும், காய்ச்சலோடு ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் உட்காரும் அலைச்சலைக் கணக்கிட்டால் ஏற்கத்தக்கதே.

பேக்கேஜில் முழு இரத்த எண்ணிக்கை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மற்றும் சி.ஆர்.பி., கல்லீரல் நொதிகள், மலேரியா, டைஃபாய்டுக்கான விடால், டெங்குவுக்கான என்.எஸ்.1 மற்றும் ஐ.ஜி.எம்., சிக்குன்குனியாவுக்கான ஐ.ஜி.எம். ஆகியவை அடங்கும். என் கணவருக்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே இத்தனையையும் எடுத்தார்கள். ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படுவதற்கு நான்கைந்து நாள்களாவது ஆகும் என்பதால் இரண்டாம் நாளில் அது ‘இல்லை’ என்று வந்ததில் வியப்பில்லை. எட்டாம் நாள் மீண்டும் எடுத்தபோது சிக்குன்குனியா என்று உறுதியானது. ஆனால் அந்த ஒரு சோதனையை மட்டும் தனியாகச் செய்ய முடியாது, முழுப் பேக்கேஜையும் மறுபடி வாங்க வேண்டும் என்றார்கள். இது வணிகத் தந்திரம். இத்தோடு இதை விட்டுவிடுகிறேன்.

மாடியில் நடந்ததுதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. கொழுந்தனாருக்கும் ஓரகத்திக்கும் இரண்டு நாள் இடைவெளியில் டெங்கு என்.எஸ்.1 உறுதியானது. ஐந்தாம் நாள் ஓரகத்திக்குக் காய்ச்சல் இறங்கியது. எல்லாரும் நிம்மதி அடைந்தோம். அன்று மாலை வந்த அறிக்கையில் அவளுடைய பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு, 42 விழுக்காடு என்று இருந்தது. பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பு, ‘பெரியவர்கள்: 36–50’. வரம்பின் நட்ட நடுவே அமர்ந்திருந்த அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் ஐயம் எழவில்லை. தட்டணுக்கள் மட்டும் 92,000 என்று சிவப்பில் இருந்தன. நான் கூடத்திற்குத் தொலைபேசி செய்து கேட்டபோது வரவேற்பில் இருந்த பெண், “பிளேட்லெட் மட்டும்தான் மேடம் கொஞ்சம் கம்மி, மத்ததெல்லாம் நார்மல், ரெட் மார்க்கே இல்லையே” என்றார். ஆனால் அவளுக்கு வயிற்றுவலி இருந்தது, இரண்டு முறை வாந்தியும் எடுத்திருந்தாள். எனவே இரவோடு இரவாக ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எங்கள் மாமியார் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்.

அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் அறிக்கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இவங்களோட பழைய பிளட் ரிப்போர்ட் ஏதாவது இருக்காம்மா?” என்பதுதான். எட்டு மாதங்களுக்கு முன், உதிரப்போக்கு அதிகம் என்று வேறு ஒரு மருத்துவரிடம் காட்டியபோது எடுத்த அறிக்கை கைப்பேசியில் இருந்தது, அதில் பி.சி.வி. 35. முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு என்றால் சரியாக 20 விழுக்காடு உயர்வு. டெங்குவில் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதற்கான அடையாளமாக உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடும் அளவும் அந்த 20 விழுக்காடுதான். காய்ச்சல் இறங்கும் நேரமே கசிவு தொடங்கும் நேரம் என்பதும் டெங்குவின் குணம். அன்றிரவே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். அதே வாரம் கொழுந்தனாருக்கு வந்த எண் 47. அச்சிட்ட வரம்பின்படி பார்த்தால் கவலைப்பட வேண்டியவர் அவர்தான் என்று தோன்றும். ஆனால் துறைமுகத்தில் ஒப்பந்தப் பணிக்காக அவர் ஆண்டுதோறும் செய்துகொள்ளும் உடல் பரிசோதனையில் அவருடைய அளவு 45. உயர்வு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு.

வயது வந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரான் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுகிறது. பெண்களுக்கு மாதவிடாயில் இரும்புச்சத்து கழிகிறது. இரத்தசோகை எது என்று வரையறுக்கும்போதே உலகச் சுகாதார நிறுவனம் ஹீமோகுளோபின் அளவை ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராம் என்றும் கருவுறாத பெண்களுக்கு 12 கிராம் என்றும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பி.சி.வி.யில் ஆண்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 வரை, பெண்களுக்கு 36 முதல் 46 வரை என்பது பாடநூல் அளவு. இரண்டையும் ஒட்டி 36–50 என்று ஒரே கோட்டில் போட்டால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். ஓரகத்தியின் 42 பெண்களுக்கான தனி வரம்புக்குள்ளும் அடங்கும்தான்; ஆனால் கசிவு தொடங்கி 46-ஐத் தாண்டிய பெண்ணின் எண்ணும் அந்த அகன்ற வரம்புக்குள் ஒளிந்துகொள்ளும். நம் தெருக்களில் பாதிப் பெண்களுக்கு இருக்கும் இரத்தசோகை சேர்ந்துவிட்டால் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை. அச்சிடும் வார்ப்புருவில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

பதிவுப் படிவத்தையும் குறிப்பிட வேண்டும். அதில் பெயர், வயது, பால், கைப்பேசி எண், பரிந்துரைத்த மருத்துவர் ஆகியவற்றுக்கு மட்டுமே கட்டங்கள் உள்ளன. காய்ச்சலோடு வரும் பெண் கருவுற்றிருக்கிறாரா என்று எங்கும் கேட்கவில்லை. வைரஸ் தொற்றில் இந்த ஒரு கேள்வி பிற எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானதாகிவிடும் தருணங்கள் உண்டு. சாக்கடை கலந்த குடிநீரால் பரவும் ஹெபடைட்டிஸ்–ஈ, பெரும்பாலோருக்குச் சில வாரக் காமாலையாக வந்து போய்விடும் நோய். கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் வந்தால் அதில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்கக்கூடும். 2009-இல் எச்1என்1 இன்ஃபுளுயன்சா பரவியபோதும் கருவுற்ற பெண்களே கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிரிவினருள் இருந்தனர். குழாயில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தை வைக்கும் பகுதியில் தொழில் நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இத்தனைக்கும் கூடத்தின் வரவேற்பறைச் சுவரில், ‘பெண்களின் நோய் எதிர்ப்புச் சக்தி ஆண்களைவிட அதிகம் – உங்களுக்குத் தெரியுமா?’ என்று பெரிய எழுத்தில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. தெரிந்துதான் இருக்கிறார்கள் போலும். சுவரொட்டி சொல்வது பொய் அன்று, பாதி உண்மை. பெண்களின் உயிரணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு, ஆண்களுக்கு ஒன்றுதான். எக்ஸில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்க, ஒய்யில் அவற்றில் ஒரு சிறு பங்குதான் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஓர் எக்ஸ் சுருண்டு அடங்கிவிடுகிறது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் ‘பார் உறுப்பு’ என்று படம் வரைந்து கற்பிக்கிறோம். நான் வகுப்பில் போதுமான அளவு அழுத்திச் சொல்லாமல் விட்டது, அந்த அடக்கம் முழுமையானது அன்று என்பதைத்தான். சில மரபணுக்கள் அடங்க மறுத்து இரண்டு பிரதிகளிலிருந்தும் வேலை செய்கின்றன. டி.எல்.ஆர்.7 என்பது அவற்றுள் ஒன்று. டெங்கு, இன்ஃபுளுயன்சா, கொரோனா போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்கள் உயிரணுவுக்குள் நுழைந்ததை மோப்பம் பிடிக்கும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. சில நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் அது இரண்டு எக்ஸிலிருந்தும் இயங்குகிறது என்று 2018-இல் காட்டினார்கள். இந்த மோப்பத்தைத் தொடர்ந்து சுரக்கும், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புரதமான இன்டர்ஃபெரான் பெண்களின் உயிரணுக்களில் கூடுதலாக வெளிப்படுகிறது. ஹார்மோன்களும் இதில் கை கோக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பல இடங்களில் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரான் பெரும்பாலும் அடக்குகிறது. இன்ஃபுளுயன்சா தடுப்பூசிக்கு மிகக் குறைந்த எதிர்ப்பொருளை உருவாக்கியவர்கள் டெஸ்டோஸ்டிரான் அதிகமுள்ள ஆண்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அதே தடுப்பூசியைப் பாதி அளவு பெற்ற பெண்களுக்கு, முழு அளவு பெற்ற ஆண்களுக்கு நிகரான எதிர்ப்பொருள் உருவானதை 2008-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆண்களின் பக்கத்தில் இது எத்தனை பெரிய இழப்பாக முடியும் என்பதை எங்கள் பகுதி கண்ணால் பார்த்திருக்கிறது. 2020 மே மாதத்தில் சென்னையிலேயே கொரோனா மிகுதியாகப் பரவிய மண்டலம் ராயபுரம். அந்தக் கோடையில் எங்கள் தெருவிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டவர்களை நினைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள்தான். தெருக்கணக்கை நான் ஆதாரமாக வைக்கவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து 31 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அதே ஆண்டு வெளியான ஆய்வில், தொற்று இருபாலருக்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் வாய்ப்பு விகிதம் ஆண்களுக்கு 2.84 மடங்காகவும் இறப்புக்கான விகிதம் 1.39 மடங்காகவும் இருந்தன. புகையிலை, குடி, தாமதமாக மருத்துவமனைக்கு வருதல் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால் அவற்றால் மட்டும் விளக்க முடியாத ஒன்றும் அப்போது தெரியவந்தது. உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, 101 பேரிடம் தம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். நெதர்லாந்தில் இள வயதிலேயே மூச்சுத்திணறலில் வீழ்ந்த இரண்டு சகோதர இணைகளிடம் டி.எல்.ஆர்.7 மரபணுவே பழுதாகியிருந்தது. பெண்களாக இருந்திருந்தால் இன்னொரு எக்ஸ் கைகொடுத்திருக்கக்கூடும். ஒற்றை எக்ஸ் உள்ளவனுக்கு மாற்றுச் சாவி கிடையாது.

சுவரொட்டி சொல்லாமல் விட்ட மறுபாதி பெண்களின் பக்கத்தில் இருக்கிறது. வேகமாகப் பற்றும் அடுப்பு அணைவதற்கும் நேரமாகும். தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். எச்.ஐ.வி. தொற்றிய தொடக்கத்தில் பெண்களின் இரத்தத்தில் வைரஸ் ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆயினும் ஒரே அளவு வைரஸ் உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், எய்ட்ஸ் நிலைக்கு விரைவாகச் செல்பவர் பெண்தான். ஓயாமல் தூண்டப்பட்டிருக்கும் எதிர்ப்பாற்றல் தன் படையையே தேய்த்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. இருபாலரையும் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே பாதுகாப்புத் தரலாம் என்று வழக்கத்தைவிடச் செறிவு கூடிய தட்டம்மைத் தடுப்பூசியைச் செனகல், கினி–பிசாவ், ஹைட்டி ஆகிய நாடுகளில் சோதித்தார்கள். தட்டம்மை தடுக்கப்பட்டது, ஆனால் பிந்தைய ஆண்டுகளில் அதைப் பெற்ற பெண் குழந்தைகளின் இறப்பு கூடியது. ஆண், பெண் என்று பிரித்துக் கணக்கிட்டபோதுதான் அது புலப்பட்டது. 1992-இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்தத் தடுப்பூசிப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது.

இனி என் மூட்டுகளைப் பற்றி. என் கணவருக்கும் எனக்கும் வந்தது சிக்குன்குனியா. இந்த ஊருக்கு இது புதிய விருந்தாளி அன்று. 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் பரவி, பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 2006-இல் திரும்பி வந்த நோய் அது. (அப்போது எங்கள் தெருவில் ‘சிக்கன் குனியா’ என்று சொல்லிக் கோழிக்கறியை நிறுத்திவைத்த வீடுகள் உண்டு, காசிமேட்டு மீனுக்கு அந்த வாரங்களில் நல்ல கிராக்கி.) கணவர் நான்கு நாள் காய்ச்சலும் ஒரு வாரக் கணுக்கால் வலியுமாகக் கிடந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் எம்.சி. ரோட்டில் உள்ள துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். எனக்குக் காய்ச்சல் மூன்று நாளில் விட்டது; வலி மூன்று மாதம் ஆகியும் விடவில்லை. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. டிபன் டப்பாவின் மூடியைத் திறக்கவும், ஈரத் துணியைப் பிழியவும், கரும்பலகையில் பத்து வரிக்கு மேல் எழுதவும் முடியவில்லை. சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய நீடித்த மூட்டுவலி பெண்களுக்கும் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கும் கூடுதலாக வருகிறது என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. கொரோனாவுக்குப் பிந்தைய நீடித்த தொல்லைகளிலும் பெண்களின் பங்கே அதிகம்.

பேக்கேஜோடு இலவசமாக ஒரு தொலைபேசி மருத்துவ ஆலோசனையும் உண்டு. நான் அதைப் பயன்படுத்தினேன். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். “வயசு நாப்பத்தெட்டுதானே மேடம்? மெனோபாஸ் டைம், கால்சியம் குறைஞ்சிருக்கும். கொஞ்சம் வாக்கிங் போங்க, மனச ஃப்ரீயா வெச்சுக்கோங்க” என்றார். என் கையில் இருந்த அறிக்கையில் ஈ.எஸ்.ஆர். 34 என்றும், சிக்குன்குனியா ஐ.ஜி.எம். உண்டு என்றும் அவர்கள் கூடமே அச்சிட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகும் அவர் கால்சியத்தை விடவில்லை. மாதவிடாய் நிற்கும் பருவம் மூட்டுகளைப் பாதிக்காது என்று நான் வாதிடவில்லை, பாதிக்கும். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் உறுதியான வைரஸ் தொற்று கண்ணெதிரே இருக்கும்போது வயதையும் மனத்தையும் காரணமாக்குவது மருத்துவம் அன்று, பழக்கம். இதே வலியோடு என் கணவர் பேசியிருந்தால் மனத்தை இலேசாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பாரா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். பிறகு ஒரு மூட்டு நோய் மருத்துவரைப் பார்த்தேன். அவர் முடக்குவாதத்திற்கான சோதனைகளைச் செய்து அது இல்லை என்று உறுதிப்படுத்தி, சிக்குன்குனியாவின் தொடர்ச்சியாகவே இதைக் கருதிச் சிகிச்சை தந்தார். இப்போது டப்பா மூடி திறக்கிறது.

ஆண்களுக்கும் இந்தப் பழக்கத்தால் நன்மை இல்லை. சிறு சளிக்கே படுத்துவிடுகிறார்கள் என்று ஆண்களைக் கேலி பேசுவது எல்லா வீட்டிலும் உண்டு; எங்கள் வீட்டிலும் உண்டு, தொடங்கி வைப்பவள் நானாகவும் இருப்பதுண்டு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2017 கிறிஸ்துமஸ் இதழில் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் இந்தக் கேலியை எடுத்து அலசி, ஆண்களின் எதிர்ப்பாற்றல் சுவாச வைரஸ்களிடம் உள்ளபடியே சற்றுத் தளர்ந்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த பிறகு என் கேலி பாதியாகக் குறைந்தது.

எண்ணிக்கையை வைத்து அவசரமாக முடிவுக்கு வருவதும் தவறு. கூடத்தின் மேலாளர் என்னிடம், “நம்ம கிட்ட டெங்கு பாசிட்டிவ் வர்றது ஆம்பளைங்கதான் மேடம் ஜாஸ்தி, லேடீஸுக்கு அவ்வளவா வர்றதில்ல” என்றார். ஆறு ஆசிய நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஒரு கட்டுரையிலும், 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஆண் நோயாளிகளே கூடுதலாகப் பதிவாகியிருந்தனர். ஆனால் பதிவேட்டில் இருப்பது நோய் வந்தவர்களின் கணக்கு அன்று, சோதனைக்கு வந்தவர்களின் கணக்கு. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது; வேலைத்தளத்தில் யார் கடிபடுகிறார்கள், வீட்டில் டிரம் பக்கத்தில் யார் கடிபடுகிறார்கள், கடிபட்ட பின் 1,800 ரூபாய் யாருக்காகச் செலவிடப்படுகிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. எங்கள் வீட்டிலேயே கணவருக்கு இரண்டாம் நாள் சோதனை செய்தோம். எனக்கு ஐந்தாம் நாள், அதுவும் அவருடைய இரண்டாவது சோதனைக்கு ஆள் வந்தபோது சேர்த்து எடுக்கச் சொல்லித்தான். உடலின் வேறுபாடு ஒன்று, வாழ்க்கையின் வேறுபாடு இன்னொன்று. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கிவிட்டு ‘லேடீஸுக்கு வர்றதில்ல’ என்று சொல்ல முடியாது.

இதில் எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது வேறு ஒன்று. ஆண்பால் பெண்பால் பிரிப்பது இந்தக் கூடத்திற்குத் தெரியாத கலை அன்று. வரவேற்பு மேசையில் இளஞ்சிவப்பு அட்டையில் ‘மகளிர் நலப் பேக்கேஜ்’, நீல அட்டையில் ‘ஆடவர் நலப் பேக்கேஜ்’ என இரண்டு அடுக்குகள் வைத்திருக்கிறார்கள். முன்னதில் தைராய்டு, கால்சியம், வைட்டமின்–டி, இரும்புச்சத்து. பின்னதில் புராஸ்டேட், டெஸ்டோஸ்டிரான், கொழுப்பு. இரண்டும் மூவாயிரம் ரூபாயை ஒட்டியவை. விற்கும்போது நினைவுக்கு வரும் பால் வேறுபாடு, பி.சி.வி. வரம்பை அச்சிடும்போது மறந்துபோகிறது. டெஸ்டோஸ்டிரானை அளந்து விற்பவர்கள், அது சிவப்பணுக்களை என்ன செய்கிறது என்பதையும் அறிக்கையில் காட்டலாமே.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மருத்துவ நூல் பக்கங்களின் நகலையும் இணைத்து, ஜனவரியில் மேலாளரிடம் கொடுத்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். மார்ச் மாதம் சர்க்கரைச் சோதனைக்காகப் போனபோது வேறொரு வாடிக்கையாளரின் அனுமதியோடு அவருடைய அறிக்கையைப் பார்த்தேன். ஹீமோகுளோபினுக்கு ஆண், பெண் என இரண்டு வரம்புகள் அச்சாகியிருந்தன. ஈ.எஸ்.ஆருக்கும் அப்படியே. பி.சி.வி. மட்டும் இன்னும் 36–50 என்றே இருந்தது. “சாஃப்ட்வேர்காரன் கிட்ட சொல்லியிருக்கோம் மேடம்” என்றார்கள். படிவத்தில் கருவுற்றிருப்பதைக் கேட்கும் கட்டம் வரவில்லை. சுவரொட்டி அப்படியே இருக்கிறது.

இரத்தம் எடுக்கும் திறனுக்கும் நேரந்தவறாமைக்கும் ஐந்துக்கு ஐந்து, அறிக்கைக்கு இரண்டு, தொலைபேசி ஆலோசனைக்கு ஒன்று, அதுவும் மரியாதையாகப் பேசியதற்காக. பக்கத்தில் வேறு நல்ல கூடம் அமையாதவரை நாங்கள் இங்கேதான் போவோம். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது, ஞாயிறு மதியம் வரை மட்டும். வீட்டுக்கு வந்து எடுக்கத் தனிக் கட்டணம் இல்லை. காய்ச்சலோடு போகிற பெண்கள், உடம்பு நன்றாக இருந்த காலத்தில் எடுத்த இரத்த அறிக்கை ஒன்று இருந்தால் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போங்கள். கருவுற்றிருந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.